என்னைப் பார்ப்பதற்கு ஒரு வழக்கு

என்னைப் பார்ப்பதற்காக என் தாத்தா கோர்ட்டுக்குப் போனார். அவ்வளவு சிரமப்பட்டுப் பார்க்கிற அளவுக்கு நான் லட்சணமாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. தலை நிறையப் பேன். முழங்காலில் எப்போதும் ஏதாவது ஒரு புண். மலாயாவில், கிள்ளான் ஊரில் எங்கள் வீட்டுக்கு வருகிற பால்காரர்கூட என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பால் ஊற்றுவார். இப்படிப்பட்ட என்னை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தே தீருவேன் என்று ஒரு மனிதர் வக்கீல் வைத்து, வெள்ளைக்கார நீதிபதி முன்னால் போய் நின்றார். அதை நான் எழுதி வைக்காவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே லயத்து வரிசை வீடு ஒன்றில் தனி ஆளாக இருந்தார். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் வேலை. அவருடைய சம்சாரம் நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அந்த அம்மாளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம், "அவளுக்கு என்னைவிடப் பெரிய தொண்டை" என்பது மட்டும்தான். தாத்தாவின் தொண்டையே நாலு லயம் தாண்டிக் கேட்கும். ஆகவே அந்த வீட்டில் ஒரே பிள்ளையாக வளர்ந்த என் அம்மா மெதுவாகப் பேசுகிறவளாக இருந்ததில் ஆச்சரியமில்லை. பேச அவளுக்கு இடம் எங்கே கிடைத்திருக்கும்? எனக்கு நாலு வயதாகும்போது அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

என் அப்பா கிராணி. அந்தக் காலத்து மலாயாவில் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கிராணி என்று பெயர். சம்பளத்தில் தமிழர், நடையுடையில் முக்கால் துரை. அப்பா வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு, அது கசங்கிவிடும் என்று நின்றபடியே காபி குடிப்பார். கள்ளை ஒழிக்கக் கூட்டம் போடுகிற சங்கம் ஒன்றுக்கு அவர் செயலாளர். கள்ளை வளர்க்க ஒரு சங்கம் இருந்திருந்தால் அதற்குத் தாத்தாவைத் தலைவராகப் போட்டிருக்கலாம். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் அம்மா எப்படிச் சமாதானமாகக் குடித்தனம் செய்தாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவள் போனாள், அந்தச் சமாதானமும் கூடவே போனது.

அம்மா இறந்த பிறகு அப்பா கிள்ளானுக்கு மாற்றலாகி வந்து, இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். சின்னம்மா காப்பார் பக்கத்து எஸ்டேட் கங்காணி ஒருவரின் மகள். கதைகளில் வருகிற சின்னம்மாக்களைப் போல அவள் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதற்கு அவளுக்கு நேரமும் இல்லை, சுபாவமும் இல்லை. என் தலையில் பேன் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒரு நாள் அம்பட்டரைக் கூப்பிட்டு மொட்டையடித்துவிட்டாள். அவள் எனக்குச் செய்த மிகப் பெரிய கொடுமை அதுதான்.

ஞாயிறு காலை ரயிலில் தாத்தா வருவார். ரயில்வேக்காரர் என்பதால் அவருக்குப் பாஸ் உண்டு. "பிள்ளையைக் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறேன் மாப்ளே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்புவார். காற்று நேராகக் கள்ளுக்கடைப் பக்கமிருந்துதான் வீசும். அவர் ஒரு குவளையோடு உட்காருவார்; எனக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்த கச்சாங், அதாவது வேர்க்கடலை. எஞ்சின் எப்படிப் பெருமூச்சு விடும், எருமை குறுக்கே வந்தால் டிரைவர் என்னென்ன கெட்ட வார்த்தை சொல்வார், எல்லாம் நடித்துக் காட்டுவார். கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். குவளையின் மேலே நிற்கிற நுரையை விரலால் தொட்டு நக்குவதற்கு எனக்கு அனுமதி உண்டு. அது புளிப்பாக இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு ஞாயிறு அப்பாவின் சங்கத்தார் கள்ளுக்கடை வாசலிலேயே நின்று பிரசாரம் செய்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். ஜால்ரா தட்டிக்கொண்டு, துணியில் எழுதிய வாசகத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா முன்னால் வந்து நின்று, "தாய்மார்களே! உங்கள் குழந்தைகளின் வாய்க்குப் போகவேண்டிய சோறு இந்தப் பாவிகளின் வாயில் கள்ளாகப் போகிறது!" என்று ஆரம்பித்தார். பாவிகளில் ஒருவருக்குப் பக்கத்தில், பெஞ்சின் மேல், கச்சாங் பொட்டலத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். மேல் உதட்டில் நுரை. அப்பாவைக் கண்ட சந்தோஷத்தில், "அப்பா!" என்று பலமாகக் கத்தினேன். ஜால்ரா நின்றுவிட்டது.

அன்று வீட்டு வாசலில் நடந்த சண்டையை முழுதாக எழுத முடியாது. பாதி வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் போடாது. அப்பா கடைசியாகச் சொன்னது இது: "மாமா, இனிமே நீங்க இந்தப் படி ஏறக் கூடாது."

"உன் படியை எவன்டா கேட்டான்? எம் பேத்தியைக் கேக்குறேன்" என்றார் தாத்தா.

"அவ எம் பிள்ளை."

"உன் ஒருத்தனுக்கா பொறந்தா?"

அப்பா கதவைச் சாத்தினார். சின்னம்மா என் வாயைத் துடைத்துவிட்டு, "இதுக்கு மோரு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல" என்றாள்.

படியேறக் கூடாது என்றுதானே சொன்னார்கள். ரயில் ஏறக் கூடாது என்று சொல்லவில்லையே. கிள்ளான் ரயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் போகும். தாத்தா அதில் வேலை பார்க்கிற நாட்களில், எங்கள் கொல்லைப்பக்கம் வந்ததும் எஞ்சின் ஊளையிட ஆரம்பிக்கும். ஸ்டேஷன் வருகிறவரைக்கும் அந்த ஊளை ஓயாது. நான் ஓடிப்போய் வேலியில் ஏறிக் கை ஆட்டுவேன். கரி அப்பிய முகம் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டு போகும். பல் மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்தில் தூங்குகிற குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு அழும். எதிர்வீட்டுச் சீனத்தி வாசலில் வந்து நின்று, எங்கள் வீட்டைப் பார்த்துத் துப்புவாள். அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, நல்ல இங்கிலீஷில் ரயில்வேக்குப் புகார் எழுதிப் போட்டார். தாத்தாவை எஞ்சினிலிருந்து இறக்கி, கொட்டகையில் எஞ்சின் கழுவுகிற வேலையில் போட்டுவிட்டார்கள். அதோடு கை ஆட்டுவதும் போயிற்று.

அதற்கப்புறம்தான் தாத்தா வக்கீலைத் தேடிப் போனார். வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர். அவரோடு நடந்த பேச்சைத் தாத்தா பிற்பாடு எனக்கு இரண்டு குரலிலும் நடித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே இதில் கொஞ்சம் உப்பு, புளி கூடியிருக்கலாம்.

"பேரப்பிள்ளையைப் போய்ப் பார்க்கிறதுக்கெண்டு சட்டத்திலை ஒரு உரிமையும் இல்லை, ஐயா" என்றாராம் வக்கீல். "பிள்ளை தகப்பனுக்குச் சொந்தம். அவர் விட்டால் பார்க்கலாம். விடாட்டில் பார்க்கேலாது."

"அப்ப நான் யாரு?"

"சட்டத்துக்கு நீங்கள் ஒருத்தருமில்லை."

தாத்தாவுக்கு இது புரியவே இல்லை. புரிகிற மாதிரி இருந்தால்தானே! எங்கள் வீட்டுக்குள் வருவதற்குத் தெருப்பூனைக்கு இருந்த உரிமைகூட அவருக்கு இல்லை. பூனையாவது ஜன்னல் வழியாக வரலாம். "ஞாயித்துக்கெழமை ஒரு ரெண்டு மணி நேரம் பாத்துட்டு வந்துர்றேன் ஐயா, வேற ஒண்ணும் வேணாம்" என்று கெஞ்சியிருக்கிறார். அப்போது வக்கீல் யோசித்துவிட்டு, சட்டத்தின் ஒரு விசித்திரத்தைச் சொன்னார். பார்க்கிற உரிமை கேட்டால் கிடைக்காது. ஆனால் பிள்ளையையே மொத்தமாகக் கேட்டால் ஒரு வழி இருக்கிறது.

"உங்கட மகளின்ரை கலியாணம் பதிஞ்சதோ?"

பதியவில்லை. எங்கள் ஆட்களில் அந்தக் காலத்தில் கல்யாணத்தைப் பதிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து வாழ வெள்ளைக்காரன் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தார்கள். போட்டோகூட இல்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று தாத்தா தடுத்துவிட்டார்.

"அப்பிடியெண்டால் கலியாணம் நடந்ததெண்டதுக்குச் சாட்சி ஆர் இருக்கினம்?"

தாத்தா ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அப்பா இந்தியாவிலிருந்து தனியாக வந்த இளைஞர். மலாயாவில் அவருக்கு ஒரு ஈ காக்காய் சொந்தம் கிடையாது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே லயத்துக்காரர்கள். பாதிப் பேரைத் தாத்தாவே அந்தப் பக்கம் போய் உட்காரச் சொல்லி, "நீங்க மாப்ள வீடு" என்று அனுப்பி வைத்தார். மூன்றாவது முடிச்சுப் போட மாப்பிள்ளைக்கு அக்காள் தங்கை வேண்டுமே? ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவரின் சம்சாரத்தை நாத்தனாராக நிறுத்தினார்கள். அப்போது நாங்கள் எல்லோரும் இப்படித்தான் சொந்தங்களைக் கைமாற்று வாங்கிக்கொண்டோம். அதில் ஒரு சௌகரியம் என்னவென்றால், விசேஷம் முடிந்ததும் அவர்கள் மூக்கைச் சிந்தாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது அந்தச் சொந்தங்களில் ஒருவர்கூட ஊரில் இல்லை. ரப்பர் விலையும் ஈய விலையும் விழுந்த வருஷங்களில் ஆட்களைக் கப்பல் கப்பலாக ஏற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்களே, அதில் நாத்தனார் போனாள், தாலி எடுத்துக் கொடுத்த பண்டாரம் போனார், மேளக்காரர்கள் மேளத்தோடு போனார்கள்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப கலியாணம் நடந்ததெண்டு சொல்ல நீங்கள் ஒருத்தர்தான் மிச்சம். நடக்கேல்லை எண்டு நீங்கள் சொன்னால், அவர் சட்டப்படி தகப்பனில்லை. பிள்ளை தாய்வழிக்கு வரும். உங்களுக்கு."

தாத்தா, "எழுதுங்க" என்றார். அது இங்கிலீஷில்தானே எழுதப்படுகிறது. இங்கிலீஷில் சொன்னால் பொய்யில் சேராது என்பது அவர் கட்சி.

மனுவின் நகல் கிள்ளானுக்கு வந்தபோது அப்பா அதை நின்றபடியே படித்தார். பிறகு கால்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சின்னம்மாவிடம், "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"உங்கம்மாவுக்குக் கல்யாணமே ஆகலைன்னு உங்க தாத்தா எழுதியிருக்காரு."

"அப்ப நான்?"

"நீயா? நீ உங்க தாத்தாவோட போகணுமாம்."

எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ், எஞ்சின் கொட்டகை, தினமும் கச்சாங். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன? அவளுக்கு இனிமேல் அதனால் லாபமா நஷ்டமா? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவின் முகம் அப்படி இருந்தது.

அப்பா சாட்சி தேடி ஒரு சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனார். லயத்தில் தட்டின கதவுக்கெல்லாம் புது ஆட்கள் வந்து நின்றார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களில் ஒரே ஒரு கிழட்டு வாட்ச்மேன் மட்டும் அகப்பட்டார். அவருக்கு அன்றைய தினம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அன்று அவர் இருந்த நிலைமையில் அதைச் சாவு வீடு என்று நினைத்து, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கிறார். இப்போதும் அப்படித்தான் சொல்வேன் என்றார். அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஆக, என் அப்பாவுக்கு இருந்த ஒரே சாட்சி, அவர் மேல் வழக்குப் போட்ட என் தாத்தாதான்.

விசாரணை நாளன்று நாங்கள் காலை ரயிலில் கோலாலம்பூருக்குப் போனோம். சின்னம்மாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மொட்டையடித்த தலையில் முடி முளைக்கிற பருவம் எனக்கு. பார்த்தால் முள்ளு ரம்புத்தான் பழம் மாதிரி இருப்பேன். கோர்ட்டில் மேலே பெரிய விசிறி, கீழே பெரிய மேசை, நடுவில் சிவந்த முகத்தோடு நீதிபதி. நாங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். தாத்தா முன்னால் இருந்தார். அவரை அன்று நான் அடையாளம் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முகத்தில் கரி இல்லை. கறுப்புக் கோட்டு யாரிடமோ இரவல் வாங்கியது. கை நீளம் போதவில்லை. பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்கு ஓடிப்போக வேண்டும் போலிருந்தது. சின்னம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

முதலில் அப்பாவைக் கேட்டார்கள். வக்கீல் வைக்காமல் தானே பேசினார். அவருடைய இங்கிலீஷ் அன்று மிகவும் அலங்காரமாக இருந்ததென்று பிற்பாடு சொன்னார்கள். நீதிபதி இரண்டு முறை என்ன என்று கேட்டாராம். கல்யாணம் முறைப்படி நடந்தது என்றார். பத்திரம்? இல்லை. படம்? இல்லை. சாட்சி? எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள். அவர் கையில் இருந்த கைக்குட்டை நனைந்துவிட்டது. இவ்வளவு நன்றாக வேர்க்கக்கூடியவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அன்றுதான் முதல்முறையாக எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

பிறகு தாத்தாவைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று வக்கீல் அவருக்குப் பாடம் போட்டு வைத்திருந்தார்: "கல்யாணம்னு ஒண்ணும் நடக்கல." அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போகலாம். வக்கீல் இங்கிலீஷில் கேள்வி கேட்டார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அதை, கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி, சுத்தமான தமிழில் கேட்டார்.

"உன் மகள் இந்த ஆள் தாலி கட்டின பெண்சாதியா, இல்லை சும்மா சேர்ந்து இருந்தவளா?"

இங்கிலீஷில் எழுதினபோது பொய்யில் சேராமல் இருந்தது, தமிழில் கேட்டதும் சேர்ந்துவிட்டது. தாத்தா திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணடிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். வக்கீல், "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்றார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பவும் ஆரம்பித்தார். "உன் மகள் சும்மா…"

"யாருடா சும்மா?"

தாத்தா கூண்டின் கட்டையை ஓங்கித் தட்டினார்.

"எம் பொண்ணா சும்மா? அன்னிக்கு லயத்துல ஒரு வீட்டுலயும் அடுப்பெரியலடா, அத்தன பேருக்கும் எங்க வீட்டுச் சாப்பாடு! நாலு கூட்டு! அப்பளம் பத்தலன்னு எனக்கும் சமையக்காரனுக்கும் கைகலப்பு! மேளம் அடிச்ச அடியில ஸ்டேஷன் மாஸ்டரு வந்து, சிக்னல் மணி கேக்கலன்னு கத்தினான், அவனுக்கும் எல போட்டேன்! இதோ, இங்க நிக்கிறானே கிராணி, இவனுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியல. கை அப்படி ஆடுது. நாந்தான் பின்னால நின்னு சொன்னேன், 'கட்டுடா, அது கயிறு, பாம்பில்ல'ன்னு! மூணாவது முடிச்ச நம்ம மூட்டக்காரன் சம்சாரம் போட்டுச்சு. எம் பொண்ணு தல நிமுரல. ஒரு தடவகூட நிமுரல. அது சும்மாவா? தொரைகிட்டச் சொல்லு. எம் பொண்ணு முறையாத் தாலி கட்டிக்கிட்டவ. செத்தப்பவும் தாலியோடதான் போனா. சொல்லு!"

மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் யோசித்துப் பார்த்துவிட்டு நீதிபதியிடம் திரும்பி, "யெஸ்" என்றார்.

அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? கல்யாணம் நடந்தது என்று மனு போட்டவரே கத்தியாயிற்று. பிள்ளை தகப்பனிடமே இருக்கட்டும், பேத்தியைப் போய்ப் பார்க்கிற விஷயத்தைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள், கோர்ட்டுக்கு அதில் வேலையில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். வக்கீல் காகிதங்களைப் பைக்குள் திணித்தார். "நீங்களே உங்கட கழுத்திலை கயிறு போட்டிட்டியள், ஐயா."

"எங் கழுத்துதானே?" என்றார் தாத்தா.

வெளியே படிக்கட்டில் அவரும் அப்பாவும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். அப்பா ஏதோ சொல்ல வந்தார். தாத்தா அவரைத் தாண்டி, குனிந்து என் தலையைத் தடவி, "என்னடி இது, முள்ளு குத்துது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடந்த திசையில்தான் கள்ளுக்கடை இருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயித்தவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு அழுகிறாளே என்று யாரோ சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா நனைந்த கைக்குட்டையை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். பெட்டாலிங் ஸ்டேஷன் தாண்டினதும் சின்னம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்தைப் பதிஞ்சிருக்கா?"

"இல்ல."

"அதுக்குச் சாட்சி?"

"ஏன், உங்கப்பா இருக்காரே."

"ஆமா, அவரு இருக்காரு" என்றாள் சின்னம்மா. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பிரசவத்துல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. அவரும் ஒரு நாள் வந்து வாசல்ல நிப்பாரு. அவரும் கொஞ்சம் குடிப்பாரு, உங்களுக்குத் தெரியாது. அவரையும் தொரத்துவீங்களா?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ரப்பர் மரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் கிள்ளான் வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது, "ஞாயித்துக்கெழம மத்தியானம் வரட்டும். குடிக்காம வரணும். பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போகக் கூடாது" என்றார். அதை யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சின்னம்மா தலையாட்டினாள். மறுநாளே ரயில்வே ஆள் ஒருவர் மூலமாகச் செய்தி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

தாத்தா வந்தார். குளித்து, சோப்பு வாசனையோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அப்பா அவருக்கு நாற்காலி போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். தாத்தா நாற்காலியின் நுனியில், முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, மருந்து வாங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். "சாப்பிட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "படிக்கிறியா?" என்றார். படிக்கிறேன் என்றேன். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: குடிக்காத தாத்தாவைப் போல ஒரு அறுவையான மனிதரை நான் கண்டதில்லை. எஞ்சின் பெருமூச்சு இல்லை, எருமை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. இந்த மனிதருக்காகவா வேலியில் ஏறி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன் என்று இருந்தது. ஆனாலும் தவறாமல் வந்தார். தவறாமல் சாப்பிட்டியா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு மிட்டாய் கொண்டுவந்தார்.

இப்படிப் பல ஞாயிறுகள் போன பிறகு, ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"தாத்தா, அன்னிக்குக் கோர்ட்டுல கல்யாணம் ஆகலைன்னு சொல்லியிருந்தா நான் உங்ககூட வந்திருப்பேன்ல? ஏன் சொல்லல?"

பக்கத்து அறையில் அப்பா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. தாத்தா முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒன்னப் பாத்துக்க உங்கப்பன் இருக்கான். சின்னம்மா இருக்கா. நல்லாத்தான் பாத்துக்கறாங்க, நானும் பாக்குறேன்ல." சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்தார். "உங்கம்மாவுக்கு என்ன விட்டா யாரு இருக்கா?"

எனக்கு அப்போது ஒரே கோபம். செத்துப்போனவளுக்கு எதற்கு ஆள்? உயிரோடு இங்கே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன். எனக்காகப் போட்ட வழக்கு. எனக்காக ஏறின கூண்டு. அங்கே போய் நின்றுகொண்டு அந்த மனிதர் என்னைவிட அவளைப் பெரிதாக நினைத்துவிட்டார். அவர் எனக்குத் தாத்தா ஆவதற்கு முன்னாலேயே அவளுக்கு அப்பா என்பது அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியதும் அழுகையும் வந்தது, பொறாமையும் வந்தது. பொறாமைதான் அதிகம். அவர் நீட்டின மிட்டாயை வேண்டாம் என்று தள்ளினேன். சரி என்று அதைப் பிரித்து அவரே வாயில் போட்டுக்கொண்டார்.